70,000 ரூபாவுக்கு எத்தனை நிமிடம்?

– உயர்தர மாணவி, வர்த்தகப் பிரிவு

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு எங்கள் வீடுகளில் ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். “மகளுக்கு இனி ஒரு லப்டொப் எடுக்கணும்.” இதில் யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இருப்பதில்லை. அடுத்த கேள்வியில்தான் வீடு இரண்டாகப் பிரியும். எந்த மடிக்கணினி? விலை குறைந்ததா, வேகம் கூடியதா?

கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். ஒரே கம்பனி, ஒரே அளவுத் திரை, ஒரே நிறம். ஒன்றில் ‘ஐ3’ என்று சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், மற்றதில் ‘ஐ5’. யாழ்ப்பாண நகரில் இந்த வருடம் நாங்கள் விசாரித்த ஒரு கடையில் முதலாவது 175,000 ரூபா, இரண்டாவது 245,000 ரூபா. நினைவகமும் சேமிப்பகமும் இரண்டிலும் ஒரே அளவு. ஆக, அந்தச் சின்ன ஸ்டிக்கரின் விலை 70,000 ரூபா.

நான் உயர்தரத்தில் கணக்கீடு, பொருளியல், தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் ஆகியவற்றைப் படிக்கிறேன். மூன்று பாடமும் சந்திக்கின்ற கேள்வி இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களில் பெரும்பாலானோருக்கு அந்த 70,000 ரூபா தேவையற்ற செலவு. அந்த 70,000 ரூபாவும் சேரட்டும் என்று மடிக்கணினி வாங்குவதைத் தள்ளிப்போடுவது அதைவிடப் பெரிய நட்டம். ஏன் என்று கணக்கோடு சொல்ல முயல்கிறேன்.

முதலில் இந்தத் தொகையின் பாரத்தைப் பார்ப்போம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. அதே வருடம் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. பிறகு இறங்கி 2025 இல் 300 ரூபாவை ஒட்டி நின்றது. மடிக்கணினி இறக்குமதிப் பொருள். 600 டொலர் பெறுமதியான ஒன்று நாணய மாற்றில் மட்டும் 120,000 ரூபாவிலிருந்து 180,000 ரூபாவாகிவிட்டது. இரண்டு மாதிரிகளுக்கும் இடையிலான வித்தியாசமும் அப்படியே வளர்ந்திருக்கிறது. இன்று 70,000 ரூபாவாக இருக்கும் வித்தியாசம் பழைய நாணய மாற்றில் 47,000 ரூபாவுக்கும் குறைவு. ஆனால் வாப்பாமாரின் உழைப்பு டொலரில் வருவதில்லை.

“தவணைக்கு எடுக்கலாம்தானே” என்று சிலர் சொல்வார்கள். வட்டி சேரும் தவணை என்றால் எங்கள் வீடுகளில் அந்தக் கதவு மூடியே இருக்கிறது. ஆகவே காசு மூன்று வழியில்தான் வரவேண்டும். வாப்பாவின் கையிருப்பு, உம்மா போட்ட சீட்டு, வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சாச்சாவோ அனுப்புவது. பொருளியலில் அமையச் செலவு என்று படிக்கிறோம். ஒன்றைத் தெரிவு செய்வதால் நாம் கைவிடும் அடுத்த சிறந்த தெரிவுதான் அதன் உண்மையான விலை. 70,000 ரூபாவின் அமையச் செலவு ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளின் பிரத்தியேக வகுப்புக் கட்டணமாக இருக்கலாம். இன்னொரு வீட்டில் பல மாத இணையக் கட்டணமாக இருக்கலாம். அடுத்த வருடம் தங்கைக்கு வாங்க வேண்டிய மடிக்கணினியின் முற்பணமாகவும் இருக்கலாம்.

சரி, அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? வேகம். ஆனால் எந்த வேகம் என்று கேட்க வேண்டும். ஒரு கணினியின் வேகத்தை மூன்று பகுதிகள் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கணிப்பது முறைவழியாக்கி, கடையில் ‘புரசசர்’ என்பார்கள். இந்த நேரத்தில் திறந்திருக்கும் வேலைகளை வைத்திருப்பது ‘றாம்’ எனப்படும் நினைவகம். எல்லாவற்றையும் நிரந்தரமாகச் சேமித்து வைப்பது சேமிப்பகம். ‘ஐ3’, ‘ஐ5’ என்ற ஸ்டிக்கர் இவற்றில் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

பழைய கணினிகள் எங்களைப் பொறுமை இழக்கச் செய்ததற்குப் பெரும்பாலும் காரணம் முறைவழியாக்கி அல்ல, சேமிப்பகம். பழைய வன்தட்டுக்குள் உண்மையிலேயே ஒரு தட்டுச் சுழல்கிறது. ஒரு சிறிய கை அங்குமிங்கும் நகர்ந்து கோப்பைத் தேடுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் ஆயிரத்தில் பத்துப் பங்கு செக்கன் அளவில் செல்கிறது. கேட்கச் சிறிதுதான். ஆனால் கணினி தொடங்கும்போது அப்படி ஆயிரக்கணக்கான தேடல்கள் நடக்கின்றன. எஸ்.எஸ்.டி. என்ற புதிய சேமிப்பகத்தில் சுழல்வதற்கு எதுவுமில்லை. அதே தேடல் ஏறக்குறைய நூறு மடங்கு விரைவாக முடிகிறது. வன்தட்டிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறியவர்கள் “கணினி புதிதாகிவிட்டது” என்று சொல்வது இதனால்தான். இன்று கடைக்கு வரும் புதிய மடிக்கணினிகளில், விலை குறைந்தவற்றிலும்கூட, பெரும்பாலும் எஸ்.எஸ்.டி.தான் இருக்கிறது. அதாவது நாம் கண்ணால் காணக்கூடிய மிகப் பெரிய வேக மாற்றம் 175,000 ரூபாவிலேயே கிடைத்துவிடுகிறது.

இதை வாயால் சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள் என்பதால் ஒரு வாரம் அளந்து பார்த்தேன். சாச்சாவிடம் இருந்த பழைய மடிக்கணினியை விடுமுறையில் வாங்கி வந்தேன். வன்தட்டு உள்ளது, நான்கு ஜிகாபைட் நினைவகம். பக்கத்தில் ஒரு கொப்பியையும் கைபேசியின் நிறுத்தற் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டேன். நான் வேலை செய்யத் தயாராக இருந்தும் கணினி தயாராக இல்லாத ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறித்தேன். அந்த வாரம் ஏறக்குறைய 12 மணித்தியாலம் வேலை செய்தேன். கடந்தகால வினாத்தாள்கள் பார்த்தேன், பைதன் நிரல்கள் எழுதினேன், விரிதாளில் கணக்கீட்டுப் பயிற்சி செய்தேன், ஒரு சிறிய காணொளியும் தொகுத்தேன். காத்திருந்த நேரம் மொத்தம் 96 நிமிடம்.

அதில் 47 நிமிடம் இணையத்துக்காகக் காத்திருந்தது. 34 நிமிடம் கணினி தொடங்கவும் மென்பொருளும் கோப்பும் திறக்கவும் சென்றது. மீதி 15 நிமிடம்தான் கணினி உண்மையில் ‘கணிப்பதற்கு’ எடுத்த நேரம். அதிலும் பெரும்பகுதி அந்தக் காணொளிக்கு.

பிறகு அதே வேலைகளை ஒரு தோழியின் புதிய ஐ3 கணினியிலும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் நானாவின் ஐ5 கணினியிலும் செய்து பார்த்தேன். இணையத்துக்கான 47 நிமிடம் இரண்டிலும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. முறைவழியாக்கியை மாற்றி இணையத்தை வேகமாக்க முடியாதே! தொடங்குவதற்கும் திறப்பதற்குமான 34 நிமிடம் இரண்டிலும் மூன்று நிமிடமளவில் சுருங்கியது. கணிப்புக்கான 15 நிமிடம் ஐ3 இல் 8 நிமிடமாகவும் ஐ5 இல் 6 நிமிடமாகவும் குறைந்தது.

ஆக, என் வேலைக்கு இரண்டு புதிய மாதிரிகளுக்கும் இடையிலான வித்தியாசம் வாரத்துக்கு இரண்டு நிமிடம். நான்கு வருடம் பாவித்தால் 416 நிமிடம். ஏழு மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. 70,000 ரூபாவை ஏழால் வகுத்துப் பாருங்கள். ஒரு மணித்தியாலம் 10,000 ரூபா. உம்மாவிடம் இந்தக் கணக்கைக் காட்டியபோது, “அந்த ரெண்டு நிமிஷத்தில ஒரு பிளேன்டி குடிச்சிட்டு வாங்க மகள்” என்றார்.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதை எங்கள் அப்பாவின் தொழிலை வைத்து விளக்கலாம். அப்பா என்றால் வாப்பாவின் வாப்பா. அவர் தையற்காரர். ஒரு சேர்ட்டுக்கு நூறு நிமிடம் செல்கிறது என்று வைப்போம். அளவெடுப்பது, குறிப்பது, வெட்டுவது, கொலர் சரிசெய்வது, பொத்தான் கட்டுவது, அயன் பண்ணுவது எல்லாம் சேர்ந்து 70 நிமிடம். மிசினில் ஓடுவது 30 நிமிடம்தான். இரண்டு மடங்கு வேகமான மிசின் வாங்கினால் 30 நிமிடம் 15 ஆகும். ஆனால் சேர்ட்டு 50 நிமிடத்தில் முடியாது. 85 நிமிடத்தில்தான் முடியும். மிசினின் வேகம் இரட்டித்தாலும் வேலையின் வேகம் இரட்டிப்பதில்லை. கணினித்துறையில் இதற்கு அம்டாலின் விதி என்று பெயர். ஜீன் அம்டால் என்ற கணினிப் பொறியியலாளர் 1967 இல் முன்வைத்த வாதம் அது. எந்தப் பகுதியை வேகமாக்குகிறோமோ, அந்தப் பகுதி மொத்த வேலையில் எவ்வளவு என்பதே மிச்சமாகும் நேரத்தைத் தீர்மானிக்கும். அப்பா அந்த விதியின் பெயரைக் கேட்டதில்லை. ஆனால் விதியை நன்றாகத் தெரிந்தவர்.

இனி வாப்பாமாரின் வாதத்துக்கு வருகிறேன். எங்கள் வாப்பாவும் இதையே சொன்னார். “கூடினதை எடுத்தா ரெண்டு வருஷம் கூடப் பாவிக்கலாம்தானே மகள்? குறைஞ்சதை எடுத்து நாளைக்கு ஏலாதெண்டா ரெண்டு செலவு.” இது நியாயமான கவலை. இதற்குப் பதில் அண்மையில் உலகம் முழுவதும் நடந்த ஒரு விடயத்தில் இருக்கிறது.

விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 க்கு மாற வேண்டும் என்றால் இன்ரெல் முறைவழியாக்கிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். இங்கே கவனியுங்கள். கோடு கிழிக்கப்பட்டது ஐ3, ஐ5, ஐ7 என்று அல்ல; தலைமுறையை வைத்து. ஏழாம் தலைமுறை ஐ7 வாங்கியவர்கள், மிகச் சில மாதிரிகளைத் தவிர, கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். எட்டாம் தலைமுறை ஐ3 வாங்கியவர்கள் உள்ளே நிற்கிறார்கள். ‘நீண்ட காலம் பாவிக்கலாம்’ என்று அன்று மேலதிகமாகக் கொடுத்த பணம் அந்தக் கோட்டின் முன் எந்த உதவியும் செய்யவில்லை. ஆகவே நாளைக்காக வாங்குகிறோம் என்றால் ஸ்டிக்கரில் உள்ள பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். தலைமுறையைப் பாருங்கள். பழைய தலைமுறை ஐ7 ஐ ‘பெரிய மெசின்’ என்று சொல்லி விற்றால் இரண்டு தடவை யோசியுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கென்று இன்னும் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. ஒன்று வெயில். முறைவழியாக்கி வேலை செய்யும்போது சூடாகும். ஒரு எல்லைக்கு மேல் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் மின்விசிறியும் சூடான காற்றையே வீசும் ஓர் அறையில், மெல்லிய மடிக்கணினிக்குள் அடைக்கப்பட்ட வேகமான முறைவழியாக்கி தன் முழு வேகத்தில் நீண்ட நேரம் ஓடாது. காசு கொடுத்து வாங்கிய வேகத்தின் ஒரு பகுதியைச் சூடு சாப்பிட்டுவிடும்.

மற்றது மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லி நாடே இருட்டில் இருந்தது. இன்ரெல் மாதிரிப் பெயரின் இறுதியில் ‘யூ’ எழுத்து உள்ளவை பெரும்பாலும் 15 வாற்று அளவுக்கு வடிவமைக்கப்பட்டவை. ‘எச்’ எழுத்து உள்ள மிக வேகமானவை பெரும்பாலும் 45 வாற்று. விளையாட்டுக்கென்று விற்கும் மடிக்கணினிகள் அந்த இரண்டாவது வகை. அவை பட்டரியை விரைவாகக் குடித்துவிடும். கரண்ட் போன வேளையில் அணைந்துபோன வேகமான கணினியைவிட, இன்னும் மூன்று மணித்தியாலம் விழித்திருக்கும் சாதாரணக் கணினி எங்களுக்கு வேகமானது.

அப்படியானால் வேகமான மாதிரியை யாருமே வாங்கக் கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. என் கணக்கு என் வேலைக்கானது. தொழினுட்பப் பிரிவில் முப்பரிமாண வரைதல் செய்பவர்கள், திருமணக் காணொளிகளைத் தொகுத்துக் கொடுப்பவர்கள், வீட்டிலிருந்தபடியே வடிவமைப்பு வேலை எடுத்து உழைக்கும் ராத்தாமார் ஆகியோரின் கணக்கு வேறு. ஒருவர் வாரத்துக்கு மூன்று மணித்தியாலம் கணினி கணித்து முடிக்கும்வரை காத்திருக்கிறார் என்று வைப்போம். வேகமான மாதிரி அதில் கால் பங்கை மிச்சப்படுத்தினால் வாரத்துக்கு 45 நிமிடம். நான்கு வருடத்தில் 156 மணித்தியாலம். அவருக்கு ஒரு மணித்தியாலத்தின் விலை ஏறக்குறைய 450 ரூபாதான். அந்த நேரத்தில் அவர் உழைக்கவும் முடியும். அவருக்கு 70,000 ரூபா வீண் அல்ல, முதலீடு. அதே ஸ்டிக்கர், அதே விலை. எனக்கு 10,000, அவருக்கு 450. ஆகவே “எது நல்ல லப்டொப்?” என்பது பிழையான கேள்வி. “எனக்கு எங்கே காத்திருப்பு?” என்பதே சரியான கேள்வி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா மேலதிகச் செலவும் ஒன்றல்ல. மலிவான மாதிரியில் நான்கு ஜிகாபைட் நினைவகமே இருந்து, அதைப் பின்னர் கூட்டவும் முடியாது என்றால், எட்டு ஜிகாபைட் உள்ளதற்கு மேலே கொடுப்பது ஆடம்பரம் அல்ல, அவசியம். ஒருபக்கம் பாடக் குறிப்பு, மறுபக்கம் இணையம், இடையில் விரிதாள் என்று திறந்தால் நான்கு ஜிகாபைட் திணறும். திரையும் அப்படித்தான். நூலகம் இணையத்தளத்தில் ஆயிரக்கணக்கான ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. 2005 இல் தொடங்கிய அந்த முயற்சியால், அச்சில் கிடைக்காத பழைய இதழ்களையும் இன்று நாங்கள் வீட்டிலிருந்தே வாசிக்கிறோம். மங்கலான பழைய பக்கத்தை வருடிப் போட்ட கோப்பில் வாசிக்க முறைவழியாக்கியின் வேகம் தேவையில்லை. எழுத்துத் தெளிவாகத் தெரியும் திரைதான் தேவை. 70,000 ரூபாவில் ஒரு சிறு பகுதியைத் திரைக்கும் நினைவகத்துக்கும் கொடுக்கலாம். மீதியை வீட்டிலேயே வைக்கலாம்.

இதுவரை சொன்னது பணக் கணக்கு. இனிச் சொல்வதுதான் என் மனதில் கூடுதலாகக் கிடப்பது.

என் வகுப்பில் சில தோழிகளிடம் மடிக்கணினி இல்லை. வாங்கவே முடியாத வீடுகள் உண்டு. அது வேறு துயரம். ஆனால் வாங்கக்கூடிய வீடுகளிலும் சிலவற்றில் இன்னும் வாங்கவில்லை. காரணம் கேட்டால், “எடுக்கிறதெண்டா நல்லதா எடுக்கணும், காசு சேரட்டும்” என்கிறார்கள். தரம் 12 தொடங்கும்போது சேரத் தொடங்கிய காசு, தரம் 13 நடுப்பகுதியிலும் சேர்ந்துகொண்டிருக்கிறது. இடையில் ஒரு மருத்துவச் செலவு, ஒரு கலியாணம், ஒரு பெருநாள். உயர்தரம் என்பது ஏறக்குறைய இரண்டு வருடம். அதில் ஒரு வருடத்தை வேகமான கணினிக்காகக் காத்திருந்து கழித்தால், எந்த முறைவழியாக்கி அந்த வருடத்தைத் திருப்பித் தரும்? என் கொப்பியில் நான் குறித்த 96 நிமிடமும் சிறியது. பெரிய காத்திருப்பு, இன்னும் வாங்காத கணினிக்கான காத்திருப்பு.

இந்த இடத்தில் அப்பாவின் கதையின் மறுபாதியைச் சொல்ல வேண்டும். 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி பணிக்கப்பட்டபோது, சோனகத் தெருவில் இருந்த அவருடைய கடையில் மோட்டர் பூட்டிய இரண்டு தையல் மிசின்கள் நின்றன. அவை அங்கேயே நின்றுவிட்டன. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோது, ஊரவர் ஒருவர் தன் வீட்டில் கிடந்த பழைய கால் மிசினைக் கொடுத்தார். மோட்டர் மிசினில் தைத்துப் பழகியவருக்கு அது நத்தை. ஆனால் அப்பா அன்றே எண்ணெய் போட்டுத் தைக்கத் தொடங்கினார். “மோட்டர் மிசின் வரட்டும் எண்டு இருந்திருந்தா, அந்த நோன்புப் பெருநாளுக்கு நம்மட பிள்ளைகள் ஒண்டும் புதுச்சட்டை போட்டிருக்காது” என்பார். அந்தக் கொட்டிலில் கரண்டும் இல்லை. மோட்டர் மிசின் கிடைத்திருந்தாலும் ஓடியிராது. வேகமான மிசின் பிறகு வந்தது, கால் மிசின் உழைத்துக் கொடுத்த காசில்.

இனி இரண்டு தரப்புக்கும் ஒவ்வொரு வார்த்தை.

தோழிகளே, நாங்கள் “எடுத்தால் ஐ5 தான்” என்று பிடிவாதம் பிடிக்கும்போது, வீட்டில் “அப்ப இப்ப வேண்டாம்” என்ற பதிலை நாங்களே எடுத்துக் கொடுக்கிறோம். எங்கள் பைதன் பயிற்சிகளும், தரவுத்தளப் பயிற்சிகளும், விரிதாள்களும், இந்தச் சஞ்சிகைக்குப் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடும் கட்டுரைகளும் ஐ3 இல் தாராளமாக ஓடும். பரீட்சை மண்டபத்தில் நாங்கள் எழுதப்போவது பேனையால். அங்கே உதவப்போவது எத்தனை பயிற்சி செய்தோம் என்பதே. விரலுக்குத் தக்க வீக்கம் என்று மூத்தவர்கள் சொன்னது எங்களுக்கும்தான்.

பெற்றோர்களே, “பொம்புளப் பிள்ளைக்கு போன் காணும்தானே” என்ற சொல்லும் எங்கள் வீடுகளில் உலவுகிறது. நானாவுக்கு ஐ5 வாங்கியது நியாயம். அவர் பொறியியல் படிக்கிறார், அவருக்கு அது தேவை. ஆனால் தங்கைக்குப் போன் போதும் என்ற முடிவுக்கு என்ன கணக்கு? கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடம் பார்க்கப் போன் போதும். வாசிக்கவும் கேட்கவும் போன் போதும். ஆனால் உருவாக்குவதற்குப் போன் போதாது. நிரல் எழுதுவது, ஐந்தொகையை விரிதாளில் சமப்படுத்துவது, ஐந்து பக்கக் கட்டுரையைத் திருத்தித் திருத்தி எழுதுவது எல்லாம் விசைப்பலகையும் பெரிய திரையும் கேட்கும் வேலைகள். ஆண் பிள்ளைக்கு ஆகச் சிறந்தது, பெண் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்பதைவிட, இருவருக்கும் தேவைக்குப் போதுமானது என்பது நீதியும் சிக்கனமும் ஆகும். மேலே சொன்ன 70,000 ரூபா இந்த இடத்தில்தான் தன் பெறுமதியைக் காட்டுகிறது.

பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2011 இல் அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரச பாடசாலைகளிலும் அரச உதவி பெறும் பாடசாலைகளிலும் படித்த இலட்சக்கணக்கான மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். கொடுத்தது சந்தையின் மிக வேகமான மாதிரியை அல்ல. மிக வேகமானதைச் சிலருக்குக் கொடுப்பதைவிடச் சாதாரணமானதைப் பலருக்குக் கொடுக்கலாம் என்பதே அதிலுள்ள தெரிவு. ஒரு வீட்டுக்கும் அந்தத் தெரிவு பொருந்தும்.

அதேவேளை, கணினி வந்தால் மட்டும் கல்வி வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பெரு நாட்டில் ‘பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற திட்டத்தில் பல இலட்சம் கணினிகள் வழங்கப்பட்டன. அங்குள்ள 319 கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவை அமெரிக்க நாடுகளுக்கிடையிலான அபிவிருத்தி வங்கி 2012 இல் வெளியிட்டது. கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் புள்ளிகள் கூடியதற்கு அந்த ஆய்வில் சான்று கிடைக்கவில்லை. கணினியைக் கொண்டு என்ன செய்வது என்ற திட்டம் இல்லாவிட்டால் 175,000 ரூபாவும் வீண்தான். வாங்கும் நாளிலேயே எந்த நேரம் படிப்புக்கு, எந்த நேரம் மூடிவைப்பது என்று பிள்ளையும் பெற்றோரும் பேசிவிடுவது நல்லது.

ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இந்தக் கணினியில் வாரத்துக்கு என்ன வேலை, எத்தனை மணித்தியாலம்? அதில் காத்திருப்பு எங்கே? இணையத்திலா, சேமிப்பகத்திலா, கணிப்பிலா? மேலதிகப் பணம் அந்தக் காத்திருப்பைக் குறைக்குமா? அந்தப் பணத்தால் வீட்டில் வேறு யாருக்கு என்ன கிடைக்கும்? முடிந்தால் ஒரு வாரம் யாருடைய கணினியிலாவது நேரத்தை அளந்து பாருங்கள். ஒரு கொப்பியும் ஒரு பேனையும் போதும்.

கடைசிக் கேள்விக்கு விடை எழுதிய பிறகும் வேகமான மாதிரியே சரி என்று தோன்றினால், தயங்காமல் வாங்குங்கள். அது உங்கள் கணக்கு. ஆனால் காசு காணாது என்று தோன்றினால், காசு சேரும்வரை மகளைக் காத்திருக்க வைக்காதீர்கள். இன்று கையில் உள்ள காசுக்கு வரும் நல்ல சாதாரணக் கணினியை இந்தத் தவணையிலேயே வாங்கிக் கொடுங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.